காட்மாண்டுக் கடைவீதியில்

காட்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதற்காரியம், என் கைக்கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததுதான். நாட்டுக்கு நாடு ஒரு மணி, இரண்டு மணி என்று நேரம் மாறுவதை நாம் அறிவோம். நேபாளத்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடோ பதினைந்தே நிமிடம். கௌரிசங்கர் என்னும் பனிமலையை ஒட்டிச் செல்லும் தீர்க்கரேகையைக் கொண்டு, 1986-ஆம் ஆண்டு முதல் அவர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கிட்டு வருகிறார்கள். இரண்டு பெரிய நாடுகளுக்கு இடையே அமைந்த சிறிய நாடு, தன் மலையொன்றை வைத்துத் தன் நாழிகையைப் பார்த்துக்கொள்கிறது என்று அறிந்தபோது, ஊருக்குள் நுழையுமுன்னரே அந்த ஊரின்மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று.

நான் அங்கே சென்றது 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில். மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் காலம் அது. தீபாவளியை ஒட்டி அவர்கள் கொண்டாடும் திகார்ப் பண்டிகையின் சாமந்தி மாலைகள், வாடிப்போன பின்பும் வீட்டு வாயில்களில் தொங்கிக்கொண்டிருந்தன. நான்கு நாள் தங்கினேன். நான்கு நாளில் ஒரு தலைநகரை அறிந்துவிட்டதாகச் சொல்வது பேதைமை. எனினும், அந்த நான்கு நாளில் நான் செய்யவிருந்த ஒரு பிழையைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஊரைச் சற்றுக் காட்டிவிடுகிறேன்.

காட்மாண்டு ஒரு கிண்ணத்தின் அடியில் உள்ள நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரத்தில், நாற்புறமும் மலைகள் சூழ, நடுவே பரந்த சமவெளி. ஒரு காலத்தில் இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஏரியாக இருந்ததென்றும், மஞ்சுஸ்ரீ என்னும் போதிசத்துவர் தெற்கே சோபார் என்ற இடத்தில் தம் வாளால் மலையைப் பிளந்து தண்ணீரை வடியவிட்டார் என்றும் ஒரு புராணக்கதை உண்டு. கதைதானே என்று நாம் சிரிக்கலாம். ஆனால் நிலநூலாரும் அங்கே ஏரி இருந்தது உண்மையே என்கின்றனர். நகரின் ஒரு பகுதிக்குக் காலிமாட்டி என்று பெயர். கரிய மண் என்பது அதன் பொருள். அந்தக் கரிய மண், பழைய ஏரியின் அடியில் படிந்த வண்டலே அன்றி வேறில்லை. பள்ளத்தாக்கின் நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு வாக்மதி ஆறு வெளியேறுவதும் அதே சோபார்ப் பிளவின் வழியாகத்தான். அருகே தௌதஹா என்றொரு சிறு குளம் இருக்கிறது. ஏரி வடிந்தபோது நாகங்களின் அரசனாகிய கார்க்கோடகன் தங்குவதற்கு விட்டுவைத்த நீர் அது என்பர். நளன் கதையில் வருகின்ற அதே கார்க்கோடகன்தான்! நான் போனபோது வடதிசையிலிருந்து வந்த வாத்துகள் அங்கே இறங்கியிருந்தன. குளிர்காலம் தோறும் மலைகளைக் கடந்து அவை வருமாம்.

ஏரி மண்ணின்மேல் வீடு கட்டினால் ஓர் அபாயம் உண்டு. நிலம் நடுங்கும்போது மென்மையான வண்டல் அந்த நடுக்கத்தைப் பெருக்கிக் காட்டும். 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒருமுறை, 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி மற்றொரு முறை, இந்நகரம் அதை அனுபவித்தது. பின்னதில் நாடு முழுவதும் ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். அன்று சனிக்கிழமை, அங்கே அது வார விடுமுறை. நண்பகலுக்குச் சற்று முன் நிலம் ஆடிற்று. ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. வகுப்பறைகளில் மட்டும் பிள்ளைகள் இல்லை. எனக்கு வழிகாட்டிய இளைஞர் அப்போது பள்ளி மாணவர். தம் வகுப்பின் கூரை, தாம் வழக்கமாக உட்காரும் பலகையின்மேல் கிடந்ததை மறுவாரம் சென்று பார்த்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

முதல் நாள் விடியற்காலையில் சுவயம்புநாதம் ஏறினேன். கிழக்குப் பக்கத்தில் 365 படிகள். படிக்கொன்றாகக் குரங்குகள் காவல் இருக்கின்றன என்றே சொல்லலாம். கையில் பழம் வைத்திருப்பவர் அதை உச்சிவரை கொண்டு சேர்ப்பது அரிது. மேலே வெண்ணிறத் தூபம். அதன் தலையில் நாற்றிசையும் நோக்கும் கண்கள். கண்களுக்குக் கீழே மூக்கைப்போல் தோன்றுவது நேபாள எழுத்தில் ஒன்று என்னும் எண். அங்கிருந்து வடக்கே பார்த்தால் கணேஷ் ஹிமால், லாங்டாங் முதலிய பனிமலைகள் காலை வெயிலில் தங்கம் பூசிக்கொண்டு நின்றன. கீழே பார்த்தாலோ, செங்கல்லும் சிமெண்டும் தகரமுமாக ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக் கிடக்கும் நகரம். எட்டு மணிக்குள் கீழேயுள்ள புகை மேலெழுந்து மலைகளை மறைத்துவிட்டது. பனிமலையைக் காண விரும்புவோர் சூரியனோடு எழுந்திருக்க வேண்டும்.

பசுபதிநாதர் கோயிலையும் பௌத்தநாதத் தூபத்தையும் அன்றே கண்டேன். பசுபதிநாதருக்குப் பூசை செய்யும் பட்டர்கள் தென்னாட்டவர், கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். கோயிலை ஒட்டி ஓடும் வாக்மதியின் கரையில் எரியும் சிதைகளின் எதிரே உட்கார்ந்து, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தேன். ஆற்றின் நீர் கறுத்திருந்தது. 2013-ஆம் ஆண்டில் சிலர் கூடிச் சனிக்கிழமை தோறும் இந்த ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளத் தொடங்கினர் என்றும், அந்த வழக்கம் வாரம் தவறாமல் நடந்தது என்றும் கேட்டபோது, நம் ஊர் ஆறுகள் நினைவுக்கு வந்தன.

இனிக் கடைவீதிக்கு வருவோம். அசன் என்பது காட்மாண்டுவின் பழைய சந்தை. ஆறு தெருக்கள் ஒரு சதுக்கத்தில் வந்து கூடுகின்றன. இந்தியாவிலிருந்து திபெத்துக்குச் சென்ற பழைய வணிகப் பாதை இவ்வழியே போயிற்று. நேவார் வணிகர்கள் இங்கிருந்து புறப்பட்டு, மலைகளைக் கடந்து லாசா நகரில் ஆண்டுக்கணக்கில் தங்கி வாணிகம் செய்தார்கள். இன்று அப்பாதையில் மோட்டார் சைக்கிள்கள் முட்டிக்கொள்கின்றன. சதுக்கத்தில் அன்னபூர்ணாதேவிக்கு ஒரு கோயில். தேவிக்கு உருவம் இல்லை; நிறைகலசமே தேவி. அதைச் சுற்றி அரிசிக் கடை, கருவாட்டுக் கடை, பித்தளைப் பாத்திரக் கடை, மசாலாக் கடை. திம்மூர் என்றொரு மலைமிளகு விற்கிறார்கள். ஒன்றை மென்றால் காரத்தைவிட நாக்கு மரத்துப்போவதே முதலில் தெரிகிறது. கூடை சுமந்து விரைகிற ஆள்கூட, கோயிலைக் கடக்கையில் ஒரு கையால் மணியை அடித்துவிட்டுத்தான் போகிறான். சற்றுத் தள்ளி இந்திரசௌக். அங்கே ஒரு சந்து முழுவதும் கண்ணாடி மணிச் சரங்கள், பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகத் திரைபோலத் தொங்குகின்றன. மணமான இந்துப் பெண்கள் கழுத்தில் அணியும் இம்மணிகளைக் கோத்து விற்பவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் முஸ்லிம் குடும்பத்தினர். பெண்கள் எதிரே உட்கார்ந்து நிறம் சொல்லச் சொல்ல, கால் கட்டைவிரலில் நூலை மாட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே கோத்து முடித்துவிடுகிறார்கள்.

நம் நூறு ரூபாய்க்கு நேபாளத்தில் நூற்றறுபது ரூபாய். 1993-ஆம் ஆண்டு முதல் இவ்விகிதம் மாறவில்லை. ஆகவே நம்மவர் ஒவ்வொருவரும் அங்கே ஒரு சிறு செல்வராகிவிடுகிறார். இந்த மயக்கம் பொல்லாதது. முதலில் நான் வாங்கியவை எளிய பொருள்கள்தாம். லோக்தா என்னும் மலைச்செடியின் பட்டையிலிருந்து செய்த காகிதத்தில் தைத்த குறிப்பேடுகள் இரண்டு. பட்டையை உரித்தால் செடி வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். இக்காகிதத்தைப் பூச்சி அரிப்பதில்லை. ஆகவேதான் நேபாள அரசாங்கத்தின் பழைய பத்திரங்களெல்லாம் இதில் எழுதப்பட்டன. விரலால் தடவினால் துணியைத் தொடுவதுபோல் இருக்கும்.

இரண்டாம் நாள் மாலை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சந்தில், ஒரு சிறு கடைக்குள் நுழைந்தேன். வெளியே புதிய புத்தர் சிலைகளும், அடித்தால் ஒலிக்கும் வெண்கலக் கிண்ணங்களும் இருந்தன. நான் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், தேநீர் வருவித்தார், இந்தியில் பேசினார், நான் தமிழ்நாட்டவன் என்று அறிந்ததும், “நீங்கள் சிலை தெரிந்தவர்கள்” என்றார். இந்தப் புகழ்ச்சியில் நான் விழுந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதவைச் சற்றே சாத்திவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். ஒரு சாண் உயரமுள்ள தாராதேவி. செம்பில் வார்த்து முலாம் பூசியது. முலாம் பாதி தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பின் நிறம் கன்னத்திலும் முழங்காலிலும் தெரிந்தது. அவ்வளவு அமைதியான முகத்தை நான் எந்தக் காட்சிச்சாலையிலும் கண்டதில்லை.

கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் திறந்து, உள்ளே வெறுமையாக இருந்தது. விளிம்பில் உளி பட்டாற்போன்ற சிறு பள்ளங்கள். மடிப்புகளில் ஏதோ சிவப்பாக அப்பிக்கிடந்தது. “பழுதுபட்ட சிலைக்கு இவ்வளவு விலையா?” என்று கேட்டேன். அந்தப் பள்ளங்களைக் காட்டிக் காட்டியே விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்! “புதிதாகச் செய்தது என்று ரசீது எழுதித் தருகிறேன், விமான நிலையத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்” என்றார் அவர். அப்போதாவது எனக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் மாலை பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு, நல்ல பேரம் முடித்தவனின் மகிழ்ச்சியோடு விடுதிக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் வாக்மதியைக் கடந்து பாட்டனுக்குப் போனேன். பழைய நாளில் அது தனி அரசு. அரண்மனைச் சதுக்கத்தில் 1637-ஆம் ஆண்டில் முடிந்த கிருஷ்ணன் கோயில், முழுவதும் கல்லால் ஆனது. ஒரு நிலையில் பாரதக் கதையும் அதற்கு மேல்நிலையில் இராமாயணமும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதன் அருகே மங்கஹிட்டி என்னும் நீர்த்துறை. தரையிலிருந்து படிகள் கீழே இறங்குகின்றன. அடியில் மகரமீன் முகங்கொண்ட மூன்று கல் தூம்புகள். கி.பி. 570-இல் அமைத்தது. மாமல்லபுரத்துக் கோயில்கள் எழுவதற்கு முற்பட்டது. அந்தத் தூம்புகளில் நான் சென்ற அன்றும் நீர் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். நானும் கையேந்திக் குளிர்ந்த நீரை முகத்தில் தெளித்துக்கொண்டேன்.

பாட்டன் உலோக வார்ப்புக்குப் பேர்பெற்றது. நேபாளத்துச் சிற்பியாகிய அரனிக்கோ, 13-ஆம் நூற்றாண்டில் திபெத்துக்கும் பிறகு குப்ளாய்கானின் அவைக்கும் சென்று, இன்றைய பீகிங் நகரில் வெள்ளைத் தூபத்தை எழுப்பினான் என்பது வரலாறு. இன்றும் பாட்டனின் முற்றங்களில் சாக்கியர் குடும்பங்கள் அத்தொழிலைச் செய்கின்றன. வழிகாட்டி இளைஞர் என்னை அத்தகைய ஒரு பெரியவரிடம் அழைத்துச் சென்றார். எழுபது வயதிருக்கும். வெயிலில் பாயை விரித்து உட்கார்ந்து, மெழுகில் ஒரு கையின் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். முறை ஏறக்குறைய நம் சுவாமிமலை முறைதான்: மெழுகில் உருவம், அதன்மேல் மண் பூச்சு, சூட்டில் மெழுகு உருகி வழிய, அந்த இடத்தில் உருக்கிய உலோகம். ஆனால் நம் ஸ்தபதிகள் உள்ளும் புறமும் கனமாக வார்ப்பர். இவர்கள் உள்ளே வெறுமையாக வார்க்கிறார்கள். நாம் பஞ்சலோகம் என்போம். இவர்களுக்குப் பெரும்பாலும் செம்பு. காவிரி வண்டலைப் பூசுகிறோம் என்று நான் சொன்னதும் பெரியவர் கண்கள் ஒளிர்ந்தன. தாம் பூசும் மண்ணில் சாணமும் உமியும் சேர்ப்பதாகச் சொல்லி, ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து முகரச் சொன்னார்.

இந்த உறவு கொண்டாட்டத்தில்தான் நான் வாய் தவறினேன். “நேற்று ஒரு பழைய தாராவை மலிவாகப் பேசி முடித்திருக்கிறேன்” என்றேன். அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார்.

“ஐயா, அதன் அடி திறந்திருந்ததா?”

“ஆம்.”

“விளிம்பில் உளித் தழும்பு?”

“இருந்தது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.”

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தமக்கு அருகிலிருந்த புதிய சிலை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அதுவும் அடியில் திறந்தே இருந்தது. ஆனால் விளிம்பு வழவழப்பாக இருந்தது. “இது இன்னும் பொருள்தான், நீங்கள் வாங்கலாம்” என்றார். வாங்கியவர் வழிபாட்டுக்கு எடுத்துச் சென்றால், உள்ளே மந்திரம் எழுதிய தாள்களையும் தானியத்தையும் வைத்து, அடியில் ஒரு செப்புத் தகட்டைப் பொருத்தி விளிம்பை மடக்கிவிடுவார்கள். அதன் பிறகு அது பொருள் அன்று. அந்த வீட்டில் ஒருவர். தகட்டை உளியால் பெயர்ப்பவன், உள்ளே பொன்மணி ஏதேனும் கிடைக்குமா என்று பார்ப்பவன். “மடிப்பில் சிவப்பு இருந்ததே, அது செந்தூரம். யாரோ ஒரு கிழவி நாள்தோறும் வைத்தது” என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. அவர் எழுந்து, “வாருங்கள்” என்று சந்துகளின் வழியே பட்கோ டோல் என்னும் தெருவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு சிறு கோயில். உள்ளே கல்லில் செதுக்கிய இலக்குமி நாராயணர்; ஒரு பாதி திருமால், மறுபாதி திருமகள். நம் அர்த்தநாரீசுவரரைப் போன்ற அமைப்பு. 1984-ஆம் ஆண்டில் இச்சிலையைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டனர். 1990-இல் அது அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. பின்பு டாலஸ் நகரத்துக் கலைக்காட்சிச்சாலையில் இருந்தது. அந்த முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் தெருவினர் ஒரு மாற்றுச் சிலையை வைத்து வழிபட்டு வந்தனர். உண்மைச் சிலை இன்னது என்று மெய்ப்பிக்க உதவியவை பழைய புகைப்படங்கள். லைன் சிங் பங்தேல் என்னும் ஓவியர், நேபாளத்துத் தெருக்களிலிருந்து மறைந்த சிலைகளின் படங்களைத் தொகுத்து 1989-இல் நூலாகவே வெளியிட்டிருந்தார். 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் சிலை நாடு திரும்பிற்று. டிசம்பரில் இதே கோயிலில் மீண்டும் ஏறி அமர்ந்தது. நாங்கள் நின்றபோது பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ஓடிவந்து, செந்தூரத்தைத் தொட்டுச் சிலைக்கும் தன் நெற்றிக்கும் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

இந்தக் கதையை அறிய நான் காட்மாண்டுவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பத்தூர் நடராசர் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991-இல் தாய்நாடு வந்ததை நாம் அறிவோம். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் திரும்பினார். அங்கும் சான்று சொன்னவை, புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். இவற்றை எத்தனையோ முறை என் மாணவர்களுக்குக் கொதிப்போடு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வாங்குபவன் எங்கோ வெளிநாட்டில் மாளிகையில் இருப்பவன் என்றே எண்ணியிருந்தேன். தேநீரைக் குடித்துக்கொண்டு விலையைப் பாதியாகக் குறைக்கும் ஆசிரியனாகவும் அவன் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று மாலை கடைக்குப் போனேன். வேண்டாம் என்று சொன்னேன். அவர் இன்னும் விலையைக் குறைத்தார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் தோளை அசைத்து, சிலையைச் செய்தித்தாளில் மீண்டும் சுற்றினார். “நீங்கள் வாங்காவிட்டால் இன்னொருவர்” என்றார். காவல் நிலையம் அங்கிருந்து தொலைவில்லை. போகலாம் என்று நினைத்தேன். அந்நிய நாடு, தெரியாத மொழி, மறுநாள் விமானம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன். இதை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சுக்கே பொருள் இல்லை.

புறப்படும் நாள் காலையில் பெரியவரிடமே சென்று, விரலளவுள்ள ஒரு புதிய தாராவை அவர் சொன்ன விலைக்கு வாங்கினேன். இது பழம்பொருள் அன்று என்று தொல்பொருள் துறையினர் தந்த சான்றையும் வாங்கித் தந்தார். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோக அங்கே சட்டம் இடம் தருவதில்லை. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என் பெட்டியைத் திறந்து, சிலையைக் கையிலெடுத்துக் கவிழ்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சான்றைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று கடைக்காரர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

அந்தச் சிறு தாரா இப்போது என் மேசைமேல் இருக்கிறாள். காதின் மடிப்பில் வார்ப்பு மண் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை. மற்றவள், செய்தித்தாளுக்குள் இருந்தவள், எந்த வீட்டிலிருந்து வந்தாளோ, எந்த நாட்டுக்குப் போனாளோ, எனக்குத் தெரியாது.